கோல்டன் குளோப் விருதின் எடை எவ்வளவு?

கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஜனவரி மாதம் அமெரிக்காவில் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் சேர்த்து வழங்கப்படும் கோல்டன் குளோப் விருதுகளை ஆஸ்கரின் முன்னோட்டம் என்று செய்தித்தாள்கள் எழுதுவது எந்த அளவுக்கு உண்மை என்பது முதல் பகுதி. ஏ. ஆர். ரகுமானுக்கும் எம். எம். கீரவாணிக்கும் கிடைத்த அந்த விருதுகளை நாம் எவ்வளவு பெரிதாகக் கொள்ளலாம் என்பது இரண்டாவது பகுதி. எந்த விருதையும் எடைபோட வேண்டுமென்றால், அதற்கு வாக்களித்தவர்கள் யார், அவர்கள் எத்தனை பேர், எப்போது வாக்களித்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கோல்டன் குளோப் விஷயத்தில் இந்த மூன்றையும் பார்த்துவிட்டால், அதன் சிறப்பும் அதன் இழுக்கும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை என்பது விளங்கும்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இருந்துகொண்டு தத்தம் நாட்டுப் பத்திரிகைகளுக்கு ஹாலிவுட் செய்திகளை எழுதி அனுப்பிவந்த வெளிநாட்டு நிருபர்கள் சிலர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். தனித்தனியாகப் போய் நின்றால் படப்பிடிப்புத் தளங்களின் கதவு எளிதில் திறக்காது. சங்கமாகச் சேர்ந்தால் நட்சத்திரங்களைச் சந்திக்கவும் செய்தி திரட்டவும் வழி பிறக்கும் என்பது அவர்களின் கணக்கு. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் வளாகத்தில், 1943-இல் வெளியான படங்களுக்கு அவர்கள் முதல் விருதுகளை வழங்கினார்கள். இன்று நாம் பார்க்கும் தங்க நிற உலக உருண்டை அப்போது இல்லை. வென்றவர்களுக்குச் சுருள் வடிவப் பாராட்டுப் பத்திரங்களே தரப்பட்டன. சிறந்த படத்துக்கான அந்த முதல் விருது ‘தி சாங் ஆஃப் பெர்னடெட்’ படத்துக்குப் போனது. அதில் நடித்த ஜெனிஃபர் ஜோன்ஸ் சிறந்த நடிகையானார். 1950-இல் சங்கம் இரண்டாகப் பிளந்து, 1955-இல் மீண்டும் ஒன்றாகி, ஹாலிவுட் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் என்ற பெயரில் நிலைபெற்றது.

இந்தப் பிறப்பில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஆஸ்கரை வழங்கும் அகாடமி திரைத்துறையில் வேலை செய்பவர்களின் அமைப்பு. அங்கே ஒளிப்பதிவாளரின் வேலையை ஒளிப்பதிவாளர்களும் இசையமைப்பாளரின் வேலையை இசைக்காரர்களும் பரிந்துரைக் கட்டத்தில் எடைபோடுகிறார்கள். கோல்டன் குளோப் அப்படிப்பட்டதல்ல. அது துறைக்கு வெளியே இருந்து, ஆனால் துறையின் தயவை நம்பியே செய்தி எழுதியவர்களின் விருது. இரண்டாவது, அந்தச் சங்கம் கடைசி வரை மிகச் சிறியதாகவே இருந்தது. பல பத்தாண்டுகள் கடந்த பின்னும், 2021-இல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 87. அதே காலத்தில் ஆஸ்கருக்கு வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். நூறு பேர்கூட இல்லாத ஒரு குழு எடுக்கும் முடிவை உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள் என்பதே இந்த விருதின் வரலாற்றில் உள்ள மையமான முரண்.

சிறிய குழு வாக்களித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1989-ஆம் ஆண்டு விழாவைக் காட்டலாம். கனமான கதைப் படங்களுக்கான நாடகப் பிரிவில் சிறந்த நடிகைக்கான விருதை ஜோடி ஃபாஸ்டர், சிகர்னி வீவர், ஷெர்லி மெக்லெய்ன் ஆகிய மூவரும் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். பல ஆயிரம் பேர் வாக்களிக்கும் தேர்தலில் மூன்று பேர் ஒரே எண்ணிக்கையில் நிற்பது ஏறக்குறைய நடக்காத காரியம். சில டஜன் வாக்குகளில் அது எளிதாக நடந்துவிடும். அந்த ஆண்டு ஆஸ்கரை ஜோடி ஃபாஸ்டர் வென்றார். ஷெர்லி மெக்லெய்ன் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை. இங்கே ஐந்தாறு பேர் மனம் மாறினால் முடிவே மாறிவிடும். அந்த ஐந்தாறு பேரின் மனத்தை மாற்ற முடியும் என்று தெரிந்தவர்கள் முயலாமல் இருப்பார்களா?

அவர்கள் முயன்றார்கள் என்பதற்குச் சங்கத்தின் வரலாறே சாட்சி. 1968-இல், வெற்றியாளர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பது பற்றி இந்த நிகழ்ச்சி மக்களைத் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்குகிறது என்று அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் கூறியதால், என்.பி.சி. தொலைக்காட்சி சில ஆண்டுகள் ஒளிபரப்பை நிறுத்தியது. 1982-இல் ‘பட்டர்ஃப்ளை’ படத்தில் நடித்த பியா ஸடோரா, அந்த ஆண்டின் புதுமுக நட்சத்திரத்துக்கான விருதை வென்றார். அவரோடு போட்டியிட்டவர்களில் கேத்லீன் டர்னரும் எலிஸபெத் மெக்கவர்னும் இருந்தார்கள். பியா ஸடோராவின் கணவரான தொழிலதிபர், வாக்கெடுப்புக்கு முன்னர் சங்க உறுப்பினர்களை லாஸ் வேகாஸில் உள்ள தம்முடைய விடுதிக்கு வரவழைத்து விருந்தளித்திருந்தார் என்ற செய்தி பெரும் சர்ச்சையானது. இம்முறை ஒளிபரப்பை நிறுத்தியது சி.பி.எஸ். தொலைக்காட்சி. அந்தப் புதுமுகப் பிரிவும் விரைவில் கைவிடப்பட்டது. 2011-இல், விமர்சகர்கள் கடுமையாகச் சாடிய ‘தி டூரிஸ்ட்’ என்ற திகில் படம் நகைச்சுவைப் பிரிவில் சிறந்த படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, அதில் நடித்த ஜானி டெப்பையும் ஏஞ்சலினா ஜோலியையும் மேடைக்கு முன் உட்கார வைப்பதற்காகவே அந்தப் பரிந்துரை நடந்தது என்று பலரும் எழுதினார்கள்.

நகைச்சுவைப் பிரிவு என்ற இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கோல்டன் குளோப்பை ஆஸ்கரிலிருந்து பிரித்துக் காட்டும் முக்கியமான அடையாளம் அதுதான். 1951 முதல் சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த நடிகை ஆகிய விருதுகள் நாடகத்துக்குத் தனியாகவும், இசைப்படமும் நகைச்சுவையும் சேர்ந்த பிரிவுக்குத் தனியாகவும் தரப்படுகின்றன. இதை நான் உளமாரப் பாராட்டுகிறேன். சிரிக்க வைப்பது அழ வைப்பதைவிடச் சுலபமான வேலை என்ற எண்ணம் விருதுக் குழுக்களிடம் உலகெங்கும் வேரூன்றியிருக்கிறது; ஆஸ்கர் மேடையில் நகைச்சுவை நடிகர்கள் பெரும்பாலும் பார்வையாளர்களாகவே இருந்திருக்கிறார்கள். நம் ஊர் விருதுகளில் நகைச்சுவை நடிகருக்கென்று தனியாக ஒரு விருது உண்டு. ஆனால் நகைச்சுவைப் படம் ஒன்று சிறந்த படமாக வருவது அரிது. இந்த அநீதியைக் கோல்டன் குளோப் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓரளவு நேர்செய்திருக்கிறது. எந்தப் படம் எந்தப் பிரிவில் போட்டியிடும் என்பதைத் தயாரிப்பு நிறுவனங்களே முன்மொழிவதால், போட்டி குறைவான பிரிவைத் தேடிப் போகும் வழக்கமும் கூடவே வந்தது. செவ்வாய்க் கோளில் தனியாக விடப்பட்ட விண்வெளி வீரரைப் பற்றிய ‘தி மார்ஷியன்’ 2016-இல் இசைப்படம் அல்லது நகைச்சுவைப் பிரிவில் சிறந்த படமாக வென்றதை இந்தக் குறைபாட்டின் உச்சம் எனலாம். அதன் பிறகு விதிமுறைகளில் திருத்தம் செய்தார்கள்.

இனி ஆஸ்கரின் முன்னோட்டம் என்ற சொல்லுக்கு வருவோம். இரண்டு விருதுகளும் ஒரே ஆண்டின் படங்களைத்தான் பார்க்கின்றன. கோல்டன் குளோப் ஜனவரியில் முந்திக்கொள்கிறது. ஆகையால் சில பெயர்கள் இரண்டிலும் வருவதில் வியப்பில்லை. ஆனால் சிறந்த படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், இந்தக் கணிப்பு நம்பத்தக்கதாக இல்லை. 2015-இல் கோல்டன் குளோப் நாடகப் பிரிவில் ‘பாய்ஹுட்’ வென்றது, ஆஸ்கரில் ‘பேர்ட்மேன்’. 2016-இல் இங்கே ‘தி ரெவெனன்ட்’, அங்கே ‘ஸ்பாட்லைட்’. 2023-இல் இங்கே ‘தி ஃபேபல்மன்ஸ்’, அங்கே ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’. 2006-இல் ஆஸ்கர் வென்ற ‘க்ராஷ்’ கோல்டன் குளோப்பில் சிறந்த படத்துக்கான பரிந்துரையைக்கூடப் பெறவில்லை. 2025-இல் ‘அனோரா’ இங்கே ஐந்து பரிந்துரைகள் பெற்று ஒரு விருதும் இல்லாமல் திரும்பியது. இரண்டு மாதம் கழித்துச் சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர்களை அள்ளியது. 2017-இல் ‘மூன்லைட்’, 2021-இல் ‘நோமட்லாண்ட்’, 2024-இல் ‘ஓப்பன்ஹைமர்’ என்று ஒத்துப்போன ஆண்டுகளும் உண்டு. இரண்டு பிரிவுகளில் இரண்டு படங்களைத் தேர்ந்தெடுக்கும் விருது, ஒரே படத்தைத் தேர்ந்தெடுக்கும் விருதைச் சில முறை சரியாகச் சொல்லிவிடுவதை முன்னோட்டம் என்று கொண்டாட வேண்டியதில்லை.

எனினும் கோல்டன் குளோப் ஆஸ்கரைப் பாதிக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதன் செல்வாக்கு நாட்காட்டியிலும் மேடையிலும் இருக்கிறது. விழா பெரும்பாலும் ஆஸ்கர் பரிந்துரைக்கான வாக்கெடுப்பை ஒட்டியே நடக்கிறது. உதாரணமாக, 2023-இல் கோல்டன் குளோப் விழா ஜனவரி 10-ஆம் தேதி. ஆஸ்கர் பரிந்துரைக்கான வாக்கெடுப்பு ஜனவரி 12-ஆம் தேதி தொடங்கியது. அகாடமி உறுப்பினர் ஒருவர் வாக்குச்சீட்டைத் திறக்கும் நேரத்தில், முந்தைய நாள்களில் மேடையேறி நன்றியுரை ஆற்றியவரின் முகம் அவர் கண்ணில் நிற்கும். பார்க்காமல் வைத்திருந்த ஒரு படத்தை அன்று இரவு எடுத்துப் பார்க்கவும் தோன்றும். தயாரிப்பு நிறுவனங்கள் பெரும்பணம் செலவிட்டு விளம்பரம் செய்து பெற முயலும் அதே கவனத்தை, மூன்று மணி நேர நேரலை ஒளிபரப்பு இலவசமாகத் தந்துவிடுகிறது. வாக்காளர்களின் தகுதியைப் பற்றி நல்லெண்ணம் இல்லாத நிறுவனங்கள்கூட அவர்களைத் தாங்கிப் பிடித்ததற்கு இதுவே காரணம்.

மேடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961 முதல் விழா பெவர்லி ஹில்டன் ஹோட்டலில் நடக்கிறது. ஆஸ்கரில் எல்லோரும் திரையரங்கு இருக்கைகளில் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். இங்கே கல்யாண வரவேற்பு போல வட்ட மேசைகளைச் சுற்றி, உணவும் மதுவும் பரிமாறப்பட, சினிமா நட்சத்திரங்களும் சின்னத்திரை நட்சத்திரங்களும் கலந்து உட்காருகிறார்கள். அதனால் இந்த மேடையில் எழுதி வைக்காத தருணங்கள் அதிகம் நிகழ்ந்திருக்கின்றன. 1998-இல் தொலைக்காட்சிப் பிரிவில் பெயர் அறிவிக்கப்பட்டபோது கிறிஸ்டின் லாட்டி கழிவறையில் இருந்தார். அவர் ஓடி வந்து சேரும் வரை ராபின் வில்லியம்ஸ் மேடையில் நின்று கூட்டத்தைச் சமாளித்தார். அதே இரவில், குறுந்தொடர் அல்லது தொலைக்காட்சிப் படத்துக்கான சிறந்த நடிகர் விருதைப் பெற்ற விங் ரேம்ஸ், தம்மோடு போட்டியிட்ட மூத்த கலைஞர் ஜாக் லெம்மனை மேடைக்கு அழைத்து, விருதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்குக் காட்டிய மரியாதையாக அந்தக் காட்சியை நான் இன்றும் மதிக்கிறேன். 2018-இல் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராகப் பெண் கலைஞர்கள் கறுப்பு உடையில் வந்து நின்றதும், வாழ்நாள் சாதனைக்கான செசில் பி. டிமில் விருதைப் பெற்ற ஓப்ரா வின்ஃப்ரே அந்த மேடையில் ஆற்றிய உரையும் திரையுலகைத் தாண்டிப் பேசப்பட்டன.

தொலைக்காட்சியை இதுவரை ஓரமாகத்தான் தொட்டிருக்கிறேன். ஆனால் இந்த விருதின் நல்ல பங்களிப்பு அங்கேதான் அதிகம் என்பது என் கணிப்பு. 1956-இல் தொலைக்காட்சி இங்கே சேர்க்கப்பட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் தலையாய விருது எம்மி; அதன் கணக்கு ஜூன் முதல் மே வரை ஓடி, விழா வழக்கமாகச் செப்டம்பரில் வரும். கோல்டன் குளோப் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டைக் கணக்கில் கொள்கிறது. ஆகவே இலையுதிர் காலத்தில் தொடங்கிய ஒரு புதிய தொடருக்கு முதல் அங்கீகாரம் பல முறை இங்கிருந்தே போயிருக்கிறது. ‘தி சோப்ரானோஸ்’ 2000-இல் சிறந்த நாடகத் தொடருக்கான கோல்டன் குளோப்பைப் பெற்றது; அதே பிரிவில் அதற்கு எம்மி கிடைக்க 2004 வரை ஆயிற்று. ‘தி எக்ஸ் ஃபைல்ஸ்’ இந்த விருதை மூன்று முறை வென்றது. சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி அதற்குக் கிடைக்கவே இல்லை. ‘மேட் மென்’, ‘ஹோம்லாண்ட்’, ‘தி மார்வலஸ் மிஸஸ் மெய்ஸல்’ ஆகியவையும் எம்மிக்கு முன்பே இங்கே வென்றவை. பழகிய தொடருக்கே ஆண்டுதோறும் வாக்களிக்கும் வழக்கம் எம்மியில் நெடுங்காலம் இருந்தது. செய்தி எழுதுபவர்களுக்குப் புதியதைக் கண்டுபிடித்துச் சொல்வதில் ஆர்வம் இயல்பு, அது இங்கே நன்மையாகவே அமைந்தது. ‘பிரேக்கிங் பேட்’ தொடரை மட்டும் அது ஒளிபரப்பாகி முடிந்த பிறகுதான், 2014-இல், சிறந்த தொடராக ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த அஸீஸ் அன்ஸாரி 2018-இல் ‘மாஸ்டர் ஆஃப் நன்’ தொடருக்காக நகைச்சுவைப் பிரிவில் சிறந்த நடிகர் விருது பெற்றதும் இந்த மேடையில்தான்.

மொழி விஷயத்தில் இந்த விருது நெடுங்காலம் செய்த தவற்றை மறைக்கக் கூடாது. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் தரும் விருது என்று பெயர். ஆனால் வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருந்தால் அந்தப் படம் சிறந்த படத்துக்கான இரண்டு பிரிவுகளிலும் போட்டியிட முடியாது, வெளிநாட்டு மொழிப் பிரிவோடு நின்றுவிட வேண்டும் என்பது விதி. 2020-இல் ‘பாரசைட்’ அந்தப் பிரிவோடு நிறுத்தப்பட்டது. அதை ஏற்றுக்கொண்ட இயக்குநர் பொங் ஜூன் ஹோ, திரையின் அடியில் ஓடும் ஓர் அங்குல எழுத்தைத் தாண்டிவிட்டால் எத்தனையோ அருமையான படங்கள் உங்களுக்குக் கிடைக்கும் என்று மேடையிலேயே சொன்னார். அடுத்த மாதம் அந்தப் படம் ஆஸ்கரில் சிறந்த படமானது. அதற்கு அடுத்த ஆண்டு, அமெரிக்காவிலேயே எடுக்கப்பட்டு, அமெரிக்கப் பண்ணை ஒன்றில் வாழும் கொரியக் குடும்பத்தின் கதையைச் சொன்ன ‘மினாரி’யும் வெளிநாட்டு மொழிப் படமாகவே நடத்தப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பின்னரே, 2021-இல், விதியை மாற்றி ஆங்கிலம் அல்லாத படங்களுக்கும் சிறந்த படப் பிரிவுகளைத் திறந்துவிட்டார்கள். 2025-இல் ஸ்பானிய மொழிப் படமான ‘எமிலியா பெரஸ்’ நகைச்சுவைப் பிரிவில் சிறந்த படமாக வென்றது இந்த மாற்றத்தின் விளைவு. அதே ஆண்டில் பாயல் கபாடியா சிறந்த இயக்குநருக்கான பரிந்துரை பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

2021 என்ற ஆண்டைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் சங்கத்தின் உள்விவகாரங்களை விரிவாக வெளியிட்டது. 87 உறுப்பினர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை என்பதும், பல்வேறு குழுக்களில் பணியாற்றுவதற்காக உறுப்பினர்களுக்குச் சங்கமே பெருந்தொகை வழங்கிவந்தது என்பதும், ‘எமிலி இன் பாரிஸ்’ தொடரின் படப்பிடிப்பைக் காண முப்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பாரிஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டு ஆடம்பர ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டார்கள் என்பதும் வெளிவந்தன. அந்தத் தொடர் இரண்டு பரிந்துரைகளைப் பெற்றிருந்தது. மைக்கேலா கோல் எழுதி நடித்து எங்கும் பாராட்டப்பட்ட ‘ஐ மே டிஸ்ட்ராய் யூ’ ஒன்றைக்கூடப் பெறவில்லை. நெட்ஃபிளிக்ஸ், அமேசான், வார்னர் மீடியா ஆகிய நிறுவனங்கள் சங்கத்தோடு உறவை முறித்துக்கொண்டன. டாம் குரூஸ் தாம் வாங்கிய மூன்று விருதுகளையும் திருப்பி அனுப்பினார். 2022 விழாவை ஒளிபரப்பப் போவதில்லை என்று என்.பி.சி. அறிவித்தது. அந்த ஆண்டு ஜனவரியில் நட்சத்திரங்களும் ஒளிபரப்பும் இல்லாமல், வெற்றியாளர்களின் பெயர்கள் சமூக ஊடகங்களில் ஒவ்வொன்றாக வெளியிடப்பட்டன. விருது அதேதான், வாக்காளர்களும் பெரும்பாலும் அவர்களேதான். ஆனால் மேடை இல்லாமல் போனதும் அந்த விருதை ஏறக்குறைய யாருமே பொருட்படுத்தவில்லை. இந்த விருதின் எடை எங்கே இருந்தது என்பதை அந்த ஆண்டு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது.

அதே சங்கம் பல ஆண்டுகளாகப் பழைய படச்சுருள்களைச் சீரமைத்துப் பாதுகாக்கவும் திரைப்பட மாணவர்களின் கல்விக்கும் நிறையப் பணம் கொடுத்தது என்பதையும் சொல்லாவிட்டால் இந்தப் பதில் நேர்மையானதாக இருக்காது. ஒளிபரப்பு உரிமையிலிருந்து வந்த வருமானத்தில் ஒரு பகுதி உண்மையாகவே நல்ல காரியங்களுக்குப் போனது.

2023 ஜூன் மாதம் சங்கம் கலைக்கப்பட்டு, விருதின் உரிமை டிக் கிளார்க் புரொடக்‌ஷன்ஸ், எல்ட்ரிட்ஜ் ஆகிய நிறுவனங்களின் கைக்குப் போனது. இப்போது எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 300-க்கும் அதிகமான பத்திரிகையாளர்கள் வாக்களிக்கிறார்கள். பிரிவுக்கு ஐந்தாக இருந்த பரிந்துரைகள் ஆறாயின. பெரும் வசூல் பெற்ற படங்களுக்கென்று 2024-இல் ஒரு புதிய பிரிவு வந்து, அதன் முதல் விருது ‘பார்பி’க்குக் கிடைத்தது. வாக்காளர் எண்ணிக்கை பெருகியதும் அவர்களின் பின்னணி விரிந்ததும் ஐயமின்றி முன்னேற்றம். சில உறுப்பினர்களை விருந்துக்கு அழைத்து முடிவை மாற்றுவது இனி அத்தனை எளிதல்ல. வசூலுக்கு விருது தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. வசூல் தன் பரிசை ஏற்கெனவே பெற்றுவிட்டது. இதைவிடக் கவலை தருவது உரிமையாளர் பற்றிய செய்தி. டிக் கிளார்க் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனத்தில் பெரும் பங்கு வைத்திருக்கும் பென்ஸ்கி மீடியாதான் வெரைட்டி, ஹாலிவுட் ரிப்போர்ட்டர், டெட்லைன் ஆகிய முன்னணித் திரைச் செய்தி இதழ்களையும் நடத்துகிறது. விருதுப் பருவத்தில் தயாரிப்பு நிறுவனங்கள் கோடிக்கணக்கில் விளம்பரம் கொடுப்பது இந்த இதழ்களுக்குத்தான். விருதும், விருதைப் பற்றிய செய்தியும், விருதுக்கான விளம்பரமும் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதை வாசகர்கள் மறக்காமல் இருப்பது நல்லது.

இந்தப் பின்னணியில் இரண்டாவது கேள்விக்கு வரலாம். 2009 ஜனவரி 11-ஆம் தேதி ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் பின்னணி இசைக்காக ரகுமான் கோல்டன் குளோப் வென்றபோது, அவரோடு போட்டியிட்டவர்களில் ஹான்ஸ் ஜிம்மர், அலெக்ஸாந்தர் தெப்லா, ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் ஆகியோர் இருந்தார்கள். அந்தப் படம் அன்று சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, இசை என நான்கு விருதுகளைப் பெற்றதால், படத்தின் மீது வீசிய அலையும் இசைக்குக் கைகொடுத்தது என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. ஆஸ்கரில் பின்னணி இசைக்கான பரிந்துரையை இசைத்துறை உறுப்பினர்களே தருகிறார்கள். அவர்களும் அதே இசையைத் தேர்ந்தெடுத்தார்கள், அகாடமி முழுவதும் சேர்ந்து அதற்கே விருதும் கொடுத்தது. ஆகவே இசைக்கான அந்த கோல்டன் குளோப்பை யாரும் ஐயத்தோடு பார்க்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு: அந்தப் படத்தின் ‘ஜெய் ஹோ’ பாடலைக் கோல்டன் குளோப் வாக்காளர்கள் பரிந்துரைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. ரகுமானும், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த மாதங்கி அருள்பிரகாசமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஓ சாயா’வும் அங்கே இல்லை. ஆஸ்கரின் இசைத்துறை அந்த ஆண்டு மூன்றே பாடல்களைப் பரிந்துரைத்தது. அவற்றில் இரண்டு இவை, வென்றது ‘ஜெய் ஹோ’.

கீரவாணியின் கதை வேறு மாதிரியானது. 2023-இல் ‘ஆர்.ஆர்.ஆர்.’ படத்தின் ‘நாட்டு நாட்டு’ பாடல், டெய்லர் ஸ்விஃப்ட், லேடி காகா, ரிஹானா ஆகியோரின் பாடல்களோடு போட்டியிட்டு வென்றது. இந்தியத் திரைப்படம் ஒன்றின் பாடல் இந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ பிரிட்டிஷ் இயக்குநர் டேனி பாயில் எடுத்த படம், அதற்குப் பின்னால் மேற்கத்திய விநியோகத்தின் முழு பலமும் இருந்தது. ‘நாட்டு நாட்டு’ சந்திரபோஸ் தெலுங்கில் எழுதிய பாடல். அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரபூர்வப் படமாக அனுப்பப்பட்டதும் ‘ஆர்.ஆர்.ஆர்.’ அல்ல. விழாவுக்கு இரண்டு நாள் கழித்து ஆஸ்கர் பரிந்துரை வாக்கெடுப்பு தொடங்கியது என்று மேலே குறிப்பிட்டேன். பெரிய நட்சத்திரப் பாடகிகளைத் தாண்டி வென்ற செய்தி உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அகாடமியின் இசைத்துறையினர் வாக்குச்சீட்டைத் திறந்தார்கள். ரகுமானுக்கு இந்த விருது கிடைக்காமல் போயிருந்தாலும் ஆஸ்கர் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். கீரவாணிக்கும் சந்திரபோஸுக்கும் மார்ச் 12-ஆம் தேதி கிடைத்த ஆஸ்கருக்குப் பின்னால் அந்த ஜனவரி இரவுக்கு உண்மையான பங்கு இருந்தது என்பது என் கருத்து.